கட்டில் இருந்த இடத்துல டீ மேசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுறேன். நீ நோய் நொடி இல்லாம இருக்கணும், முதல்ல அதுதான். இங்க வீடு இருக்கு, நான் இருக்கேன், மோட்டார் போட்டா தண்ணி வருது. போன்ல பேசினா நீ கேக்குறதுக்கு முந்தியே என் வாய் நல்லா இருக்கேன்னு சொல்லிடுது, அதனாலதான் பேப்பரும் பேனாவும் எடுத்தேன். அன்னைக்கு நீ போன்ல, இங்க ஆபீஸ்ல இன்னும் மூணு வருஷம் இருக்கக் கையெழுத்து கேக்குறாங்க, நீ தனியா சமாளிச்சுக்குவேன்னா போடுறேன், இல்லன்னா மூட்டையைக் கட்டிட்டு வந்துடுறேன், உண்மையைச் சொல்லும்மான்னு கேட்டே. போட்டுடு போட்டுடுன்னு சொல்லிட்டேன். யோசிச்சுச் சொன்னதுன்னு நினைக்காதே, கடைக்காரன் பை வேணுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்ற மாதிரிதான் அதுவும் வந்துச்சு.

அப்பாவுக்கு வாடகைக்கு எடுத்த கட்டிலை மருந்துக்கடைக்காரங்க வந்து தூக்கிட்டுப் போனாங்கல்ல, அந்த இடம் கூடத்துல சொட்டைத் தலை மாதிரி அப்படியே கிடந்துச்சு. நான் அதைச் சுத்திச் சுத்தித்தான் நடந்தேன், நடுவுல கால் வைக்கல. பயமெல்லாம் இல்ல, துக்கம்னு கூடச் சொல்ல மாட்டேன், கால் தானா விலகிப் போச்சு. நீதான் பார்த்துட்டு, அங்க ஒரு குட்டி மேசை போடும்மா, கெட்டில் வெச்சுக்கோ, டீத்தூள் காப்பித்தூள் சுக்குப்பொடி எல்லாம் அழகா டப்பாவுல போட்டு அடுக்கு, கப் மாட்ட கொக்கி அடி, மஞ்சள் வெளிச்சமா ஒரு விளக்கு, பக்கத்துல மெத்துன்னு ஒரு நாற்காலி, வேலை விட்டு வந்து உக்காந்து சூடா குடிச்சா மனசுக்கு இதமா இருக்கும்னு வீடியோ வீடியோவா அனுப்பினே. சரி, பிள்ளை சொல்லுதேன்னு எல்லாத்தையும் செஞ்சேன். மாடி ரூம்ல கிடந்த உன் படிப்பு மேசையை இறக்கித் துடைச்சுப் போட்டேன். படுக்கைப்புண் வராம இருக்கப் போட்ட காத்து மெத்தை மோட்டாருக்காக அப்பா பக்கத்துல ஒரு பிளக் இருந்துச்சே, அதுலதான் இப்ப கெட்டில். கொக்கி கோணலா இருக்கு, சுவரு உதிருது, உங்க அப்பா இருந்திருந்தா லிப்ட்டுக்குக் கயிறு கட்டுற மாதிரி நாலு தடவை மட்டம் பார்த்திருப்பார். டப்பாவுக்கெல்லாம் நீ சொன்ன மாதிரி பேரு எழுதி ஒட்டினேன். போட்டோ எடுத்து அனுப்பினதும் சூப்பர்ம்மான்னு நீ சொன்னே. எனக்கு ஒண்ணும் தோணல. வெளிச்சம் நல்லாத்தான் இருந்துச்சு.

வேலைக்கும் போறேன். சலவைக் கடையில என்னை மறுபடி இஸ்திரி மேசையிலேயே விட்டுட்டாங்க. மொதலாளியம்மா மெதுவா செய்யுங்கன்னுதான் சொல்றாங்க. போன வாரம் கையில இஸ்திரிப் பெட்டி பட்டுடுச்சு, பக்கத்துல மடிக்கிற பொண்ணு ஐயோன்னு கத்தின பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஆறிடுச்சு, நீ பதறாதே.

இப்ப விஷயத்துக்கு வரேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் போர்மேன் அண்ணன் வந்தார், அதான் அப்பாகூட லிப்ட் கம்பெனியில இருந்தாரே, கதவுல தலை இடிச்சுக்கிட்டே உள்ள வருவாரே, அவர்தான். உக்காருங்கண்ணேன்னு உன் மெத்து நாற்காலியில உக்கார வெச்சேன், பாவம், அதுல பாதிதான் உள்ள போனார். டீ போட்டுக் குடுத்துட்டு நான் எதிர்ல முக்காலியைப் போட்டு உக்காந்தேன். அவர் கப்பைச் சாய்ச்சார், டீ வரல. இன்னும் சாய்ச்சார். சொத்துன்னு ஒரு வாய் விழுந்துச்சு. மனுஷன் முகத்தைச் சுளிக்கல, பாப்பா அனுப்பின டீத்தூளாம்மா, நல்லா கெட்டியா இருக்கேன்னார். நான் அவர் தொண்டையையே பார்த்துக்கிட்டிருந்தேன். தலையைக் கீழ குனிங்கன்னு சொன்னேன். குனிஞ்சார். முழுங்கிட்டீங்களான்னு கேட்டேன். ம்ங்குறார். வாயைத் திறங்க பார்க்கலாம்னேன். அவ்வளவு பெரிய ஆளு, பேரன் பேத்தி எடுத்தவர், என் முன்னாடி வாயை ஆன்னு திறந்து காட்டுறார்.

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அப்பாவுக்குத் தண்ணியா எது குடுத்தாலும் புரை ஏறி நெஞ்சுக்குள்ள போயிடும்னு டாக்டர் சொன்னதுல இருந்து தண்ணி, டீ, மருந்து எல்லாத்துலயும் அந்தக் கெட்டிப் பவுடரைக் கலக்கிப் பசை மாதிரி ஆக்கித்தானே குடுத்தோம். ஒவ்வொரு வாய்க்கும் குனியச் சொல்லி, முழுங்கிட்டாரான்னு வாயைப் பார்த்துட்டுத்தான் அடுத்த வாய். நீ டப்பா அடுக்கச் சொன்னப்ப நான் அதையும் ஒரு புது டப்பாவுல கொட்டி, உள்ள கரண்டி போட்டு, டீத்தூளுக்குப் பக்கத்துல வெச்சிருக்கேன். பேரு கூட எழுதி ஒட்டியிருக்கேன் பாரு, அழகா. ஒரு நிமிஷம் கூட இது இனிமே யாருக்குன்னு தோணல. அண்ணனுக்குச் சாவு வீட்டுல கூட வராத கண்ணீர் பொலபொலன்னு வந்துடுச்சு. நீங்க நல்லா பார்த்துக்கிட்டீங்கம்மா, அவனை நீங்க நல்லா பார்த்துக்கிட்டீங்கன்னு சொல்லிட்டு, நான் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல அந்தக் கண்ராவியைக் கரண்டியால வழிச்சுச் சாப்பிட்டு முடிச்சுட்டுத்தான் எழுந்தார். எனக்கு அழுகை வரல பாப்பா. சிரிப்பும் வரல. கப்பைக் கழுவிக் கொக்கியில மாட்டினேன்.

அண்ணன் போனதுக்கப்புறம் எனக்குன்னு ஒரு டீ போட்டேன், பவுடர் போடாம. அப்பா தனியாக் குடிக்க வேண்டாமேன்னு நானும் அத்தனை நாளா அவர்கூட அதையேதானே குடிச்சேன். வெறும் டீ சரக்குன்னு உள்ள போயிடுச்சு. ஒரு நிமிஷத்துல கப் காலி. குடிச்சு முடிச்சுட்டு மீதிச் சாயங்காலம் முழுக்க என்ன செய்றதுன்னு தெரியாம அந்த நாற்காலியிலயே உக்காந்திருந்தேன். வெளிச்சம் போட்டேன், அணைச்சேன்.

அதனால சொல்றேன் கேளு. மேசை நல்லா இருக்கு, உன்மேல குத்தம் இல்ல, எடுக்கவும் மாட்டேன். கையெழுத்து நீ போடு, போடாம இரு, அது உன் பொழப்பு, பெத்தவ கூப்பிட்டாளேன்னு நாளைக்கு நீ வருத்தப்படக் கூடாது. ஆனா அம்மா நல்லா இருக்கான்னு நினைச்சுக்கிட்டு மட்டும் போடாதே. அம்மா நல்லா இல்ல. எனக்குச் சூடும் தெரியல, பசியும் தெரியல, உன் குரல் கேட்டாக்கூட யாரோ பேசுற மாதிரி இருக்கு, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. இந்த வரியை அடிச்சுடலாமான்னு பார்த்தேன். அடிக்கல.

சாமி உன்னை நல்லா வெச்சிருக்கட்டும், நீ எங்க இருந்தாலும் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. கடைவாய்ப் பல்லைக் காட்டுறேன் காட்டுறேன்னு தள்ளிப்போடாதே, இந்த வாரமே போயிட்டு வா. கடுதாசி கிடைச்சதும் போன் பண்ணு, நல்லா இருக்கேன்னு நான் சொன்னா நம்பாதே.

உன்
அம்மா