நாலாவது தோள்

ஸ்ரீநகர்
1985 ஜனவரி, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணான மகன் தன்வீருக்கு,

நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆகவே நான் நலம். நீயும் மருமகளும் குழந்தையும் அந்த மழை ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன். உன் பதில் தந்தி வந்தது. ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கிறேன் என்று அடித்திருந்தாய். யாரோ ஒரு மந்திரி அனுப்பியது போல இருந்தது, சனாவுல்லா மாமா இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து என்னிடம் கொடுத்தார். புதன்கிழமை அடக்கம் ஆனது, நேற்று நாலாம் நாள் ஓதி முடித்தோம். மூன்று நாளும் நம் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை, சோறும் கீரையும் மாமா வீட்டிலிருந்து பாலம் தாண்டி வந்தது, பக்கத்து வீடுகளிலிருந்து ஒரு கிண்ணம் உப்புத் தேநீர்கூட வரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

பேப்பரில் எட்டு வரி போட்டிருந்தார்கள். குலாம் ஜீலானி ஷோரா, முன்னாள் அமைச்சர், முன்னாள் தூதர், சிறந்த பேச்சாளர், வயது அறுபத்தெட்டு. வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். அந்த எட்டு வரியில் ரொட்டிக்கார ஸுபானைப் பற்றி ஒன்றும் இல்லை, உனக்கும் அந்தக் கதை பாதிதான் தெரியும், அதனால் முழுதாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி. உன் அப்பாவின் கட்சித் தலைவர்கள் எல்லாம் டெல்லியை எதிர்த்துச் சிறையில் இருந்த காலத்தில், அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தவர்களை ஊர்விலக்கு செய்வது என்று கட்சி முடிவெடுத்தது அல்லவா. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகக்கூடாது, சாவுக்குப் போகக்கூடாது, சலாம் சொன்னால் பதில் சொல்லக்கூடாது. நம் பேட்டையில் அதை நடத்தியவர் உன் அப்பா. எதிர்க் கடை ஸுபான் செய்த குற்றம் என்ன தெரியுமா, அரசாங்கக் கட்சிக் கூட்டத்துக்கு இருநூறு ரொட்டி சுட்டுக் கொடுத்தார். ரொட்டிக்காரர் ரொட்டி விற்றார், அவ்வளவுதான். ஒன்றரை மாதம் அவர் தந்தூர் அடுப்புப் பக்கம் ஒரு ஈ உட்காரவில்லை. அப்புறம் அந்த மாசியில், பனி முழங்கால் அளவு கிடக்கும்போது, அவருடைய அம்மா கத்ஜி இறந்துபோனாள். நீ பிறந்தபோது என் வயிற்றில் சூடு ஒத்தடம் கொடுத்தவள் அவள்தான். உன் அப்பா தெருமுனையில் நின்றுகொண்டு, "அந்தச் சந்தூக்குக்குத் தோள் குடுக்கறவன் நாளைக்கு நம்ம பள்ளிவாசல் படி மிதிக்க வேணாம்" என்றார். ஒருவரும் போகவில்லை. ஸுபானும் இரண்டு தம்பிகளும் சந்தூக்குப் பெட்டியை மூன்று பக்கம் பிடித்தார்கள், நாலாவது பக்கத்துக்கு ஆள் இல்லை. ஸுபானின் மனைவி முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தாள். ஒரு பெண்பிள்ளை சந்தூக்கைச் சுமந்து போனதை இந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்தேன் மகனே, பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினேன். உன் அப்பாவைச் சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

எட்டு வருஷம் கழித்து அதே கட்சி டெல்லியோடு கைகுலுக்கியதும், உன் அப்பா மந்திரி ஆனதும் உனக்குத் தெரியும். யார் பக்கம் போகக்கூடாது என்று தெருவை மறித்தாரோ அந்தப் பக்கத்து நாற்காலியிலேயே போய் உட்கார்ந்தார். தேவை அப்படி இருந்தது, ஜனங்களுக்கு ரோடும் பள்ளிக்கூடமும் வேண்டாமா என்று எனக்கு விளக்குவார். தெருக்காரர்கள் அவர் சொல்லிக்கொடுத்ததையே அவருக்குச் செய்தார்கள், ஆனால் யாரும் மேடை போட்டு அறிவிக்கவில்லை, அவ்வளவு நாகரிகம் இருந்தது. மந்திரி ஆன மறுநாள் காலை ரொட்டிக்கு ஆள் அனுப்பினால் ஸுபான், "மாவு தீந்துபோச்சு" என்றார். அடுக்கடுக்காக ரொட்டி வெளியே தெரிகிறது, மாவு தீர்ந்துவிட்டதாம். பிறகு தினமும் அரசாங்க ஜீப் பாலம் தாண்டிப் போய் ரொட்டி வாங்கி வந்தது, வருவதற்குள் ஆறிப்போகும். மந்திரி வீட்டில் ஆறின ரொட்டி என்று வேலைக்காரர்கள் சிரித்தார்கள்.

அப்புறம் தூதர் வேலை. அந்தக் கடலோர நாட்டில் ஐந்து வருஷம் அவர் மதிப்பாகத்தான் இருந்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். எல்லைத் தகராறில் முகம் பார்க்காத இரண்டு நாட்டு மந்திரிகளை நம் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து ஒரே மத்தியானத்தில் கைகுலுக்க வைத்தார், நானே கறி உருண்டை பரிமாறினேன். அந்த நல்ல மனுஷருக்கு நம் ஊர் ரொட்டி மட்டும் வாய்க்கவில்லை. அந்த ஊர்ச் சமையல்காரனைப் பக்கத்தில் நிறுத்தி அவரே மாவு பிசைந்து காட்டினார், கல் மாதிரி வந்தது. "ஸுபான் அடுப்பு இல்லாம எப்படி வரும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அந்தக் கோடையில்தான் நீ வந்தாய். சாப்பிட உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, "நீங்க கத்துக்குடுத்ததத்தான் செய்யறேன் அப்பா, பக்கம் மாறுனவரோட எனக்குப் பந்தி இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனாய். ஆறு வருஷம். எனக்கு மட்டும் எழுதினாய், உள்ளே ஒரு சலாம்கூட அவருக்கு இருக்காது. அவர் கேட்கவும் மாட்டார், தபால்தலையை மட்டும் கொடு என்பார். அவருடைய அலமாரியில் ஒரு உறை இருந்தது, நாற்பத்தொரு தலைகள், எல்லாம் நீ ஒட்டியவை. நான் அவர் மேல் கோபமாக இருந்த நாட்களில்கூட அதைப் பார்த்தால் எனக்குக் கோபம் தங்காது.

ஊர் திரும்பிய பிறகு ஸுபானிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. இருபது அடி தெரு, இறங்கிக் கடந்தால் போதும். இவர் என்ன செய்தார், கெட்டியான தாளில் அழகான உருதுவில் ஒரு கடிதம் எழுதி, வெளிநாட்டுச் சுவர்க் கடிகாரம் ஒன்றைச் சேர்த்து, டிரைவரிடம் கொடுத்தனுப்பினார். நாடுகளுக்கு எழுதி எழுதி மனுஷருக்கு எழுத மறந்துபோயிருந்தது. ஸுபானுக்குப் படிக்கத் தெரியாது, ரொட்டி வாங்க நின்றவர்கள் எதிரிலேயே டிரைவரைப் படிக்கச் சொன்னார். அன்றைய துரதிருஷ்டவசமான சம்பவங்கள், இருதரப்பு நல்லுறவு, இப்படிப் போயிற்று. கேட்டுவிட்டு, "உருது ஜோரா இருக்கு, இதுல எங்கம்மா பேரு எங்க வருதுன்னு காட்டு" என்றார். எங்கும் வரவில்லை. "அவ பேரு இல்லாத கடுதாசிய நான் யாருக்காக வாங்கறது? கெடிகாரத்தையும் எடுத்துட்டுப் போ, எனக்கு மணி பாக்க மாவு பொங்கறது போதும்" என்று அனுப்பிவிட்டார். நீங்களே ஒரு நடை போங்கள் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். போகிறேன் போகிறேன் என்றார், போன வருஷம் வாதம் வந்து இடதுபக்கம் விழுந்துவிட்டது, கால் போயிற்று, பிறகு பேச்சும் போயிற்று. பேச்சை வைத்தே பிழைத்தவருக்கு வந்ததைப் பார். கடைசி மாதங்களில் ஜன்னல் பக்கம் படுக்கையைப் போடச் சொல்லிக் கையைக் காட்டுவார், எதிரில் தந்தூர் புகையைப் பார்த்துக்கொண்டே கிடப்பார்.

புதன் காலை பத்து மணிக்கு அடங்கிவிட்டார். மத்தியானம் ஒரு அதிகாரி மலர்வளையத்தோடு வந்தார், பழைய சகாக்கள் பனியைக் காரணம் சொல்லி ஆள் மட்டும் அனுப்பியிருந்தார்கள். தோள் கொடுக்க உன் மாமா, மாமாவின் மருமகன், டிரைவர், மூன்று பேர். தெருவில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. அதிகாரி, போலீஸ்காரர்கள் தூக்குவார்கள் அம்மா என்றார். பிறந்த தெருவிலிருந்து ஒரு மனுஷரை உத்தியோகத்துக்கு வந்தவர்களா தூக்குவது, எனக்கு மனசு ஒப்பவில்லை. இடது முன்பக்கம் நீ நிற்க வேண்டிய இடம். நானே தூக்குகிறேன் என்று ஃபெரன் அங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு படி இறங்கிவிட்டேன். மாமா கையைப் பிடித்து இழுக்கிறார், நான் உதறுகிறேன், அப்போது எதிர்க் கடையிலிருந்து ஸுபான் கையில் மாவோடு பனியில் இறங்கி வந்தார். என் முகத்தைப் பார்க்காமல், "தள்ளு தங்கச்சி. இந்தத் தெருவுல ஒரு பொம்பள தூக்குனது போதும்" என்று சொல்லிவிட்டு இடது முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்தார். அவர் எடுத்ததும் இரண்டு வீட்டுக் கதவு திறந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால் போனார்கள். நான் வாசலில் உட்கார்ந்து அழுதேன், உன் அப்பாவுக்கா கத்ஜிக்கா என்று எனக்கே தெரியவில்லை.

இனி எழுதுவது மாமா வந்து சொன்னது. தொழுகை முடிந்ததும், இவர் யாருக்காவது கடமைப்பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும் அல்லவா, அது மகன் கேட்பது. மகன் இல்லாததால் மாமா கேட்டார். பொறுத்தோம் என்று எல்லாரும் சொல்வதுதான் வழக்கம். ஸுபான் மட்டும், "எனக்குப் பாக்கி இருக்கு" என்றாராம். சந்தூக்கைச் சுமந்து வந்தவரே இப்படிச் சொன்னால் என்ன செய்வது. மாமா கெஞ்சினாராம். "தூக்குனது வாசல்ல நின்ன அந்தம்மாவுக்காக. இது வேற. கேக்க வேண்டியது இவரு மவன், நீங்க இல்ல. வந்து கேக்கட்டும். எங்கம்மா பேரச் சொல்லிக் கேக்கட்டும், அப்பச் சொல்றேன்" என்றாராம். அப்படியே மண் தள்ளிவிட்டு வந்தார்கள். மண்ணைத் தள்ளும்போது முதல் பிடியும் அவர்தான் போட்டார் என்று மாமா சொன்னார்.

ஆகவே உன் அப்பா பொறுக்கப்படாமல் படுத்திருக்கிறார் தன்வீர். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஸுபானை நான் குற்றம் சொல்ல மாட்டேன், அவர் கேட்டதில் ஒரு அநியாயமும் இல்லை. உனக்கும் உன் அப்பாவிடம் பாக்கி இருக்கிறது, அது எனக்குத் தெரியாதா. நீ சொன்னது சரியாகவே இருக்கட்டும், அவர் மாறினார், சொன்னதை விழுங்கினார். ஆனால் ஊர்விலக்கில் அவரை மிஞ்சிவிட்டாய் நீ, அவர் ஒரு சாவுக்குத்தான் தடுத்தார், நீ ஆறு வருஷம் உயிரோடு இருந்தவருக்குச் செய்தாய். எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கவில்லை. பனி விலகிப் பாதை திறந்ததும் வா. கடிதம் கொடுத்தனுப்பாதே, மாமா மூலம் சொல்லியனுப்பாதே, உன் அப்பா செய்த தப்பை நீயும் செய்யாதே. வந்து அந்த இருபது அடியை நடந்து கட, அவள் பெயர் கத்ஜி, மறக்காதே. பிறகு அவர் அடங்கிய கபரடிக்குப் போய் உன் பாக்கியை அவரிடம் நீயே சொல்லிக்கொள், நான் கூட வரமாட்டேன். நெஞ்சில் குளிர் படாமல் பார்த்துக்கொள், மருமகளைக் குழந்தைக்கு வெந்நீரில் சளி மருந்து கொடுக்கச் சொல். காய்ந்த சுரைக்காயும் டர்னிப்பும் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறேன், வந்தால் கையோடு கொண்டுபோ. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் இளகின மனசும் கொடுக்கட்டும்.

ஒன்றை மறந்தேன். ஸுபானுக்கு எழுபத்தொன்று ஆகிறது, தந்தூர்ப் புகை நெஞ்சில் ஏறி இந்தக் குளிர்காலம் முழுக்க இருமிக்கொண்டே இருக்கிறார், அதனால் வெயில் வரட்டும் என்று தள்ளிப்போடாதே. இன்று காலை பத்து வருஷத்துக்குப் பிறகு நானே இறங்கிப் போய் அவர் கடையில் ரொட்டி கேட்டேன். மாவு தீர்ந்தது என்று சொல்லவில்லை. வீட்ல எத்தன பேரு என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் ஒரே ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொடுத்தார், சூடாக இருந்தது. நீ வந்தால் இரண்டு கேட்பேன்.

உன் வரவைப் பார்த்து ஜன்னலைச் சாத்தாமல் வைத்திருக்கும்,
உன் மோஜி
ஹாஜிரா