கணக்கில் வராத அழைப்புகள்

மார்ச் 4, செவ்வாய்

இன்றைக்கும் எட்டு வினாடி. காலையிலிருந்து இரண்டு போன்களை மேசையில் எதிரெதிரே வைத்து, இதிலிருந்து அதற்கு நூற்றிருபது தடவை வீடியோ கால் போட்டாயிற்று. பொத்தானை அழுத்தியதும் முகம் தெரிந்துவிடுகிறதா? எங்கே! முதலில் இரண்டு போனும் ஒன்றையொன்று விசாரிக்க வேண்டும் — உனக்கு எந்த மாதிரிப் படம் தெரியும், எனக்கு எது தெரியும், யார் சொல்வதை யார் கேட்பது. அதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பக்கம் மணியே அடிக்கும். அதற்குள் கூப்பிட்டவருக்குப் பொறுமை போய்விடுகிறது.

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் 'வினாடி'. "மூணுக்குக் கீழ வரணும். பதிமூணாம் தேதி மீட்டிங்" என்றார். குரலைக்கூட உயர்த்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

மார்ச் 6, வியாழன்

பிடித்துவிட்டேன். விசாரணையே வேண்டாம். பெரும்பாலான போன்களுக்குத் தெரிந்த படத்தை எடுத்த எடுப்பிலேயே அனுப்பிவிடு, மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இரண்டு வினாடிக்குள் முகம் வந்து நின்றது. எனக்கு நானே ஒரு காபி வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பழைய போன்களுக்கு மட்டும் இந்த அவசரம் புரியவில்லை. அவை பழைய வழியில் போய் அதே எட்டு வினாடி எடுக்கின்றன. சராசரி நாலரையில் உட்கார்ந்துகொண்டு நகர மாட்டேன் என்கிறது.

மார்ச் 7, வெள்ளி

வினாடி நாலாவது முறையாக வந்து நின்றார். எனக்கு எரிச்சல். "அஞ்சு வினாடிக்கு மேல போற கால் எல்லாத்தையும் வெட்டி விட்டுடலாம் சார். 'பதில் இல்லை'ன்னு காட்டிட்டுப் போகுது. சேராத கால் சராசரியில வராது" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

சாயந்திரம் அதை எழுதிக் கொடுத்ததும் நானேதான். இப்போதைக்கு ஆபீஸ் போன் இருபதில் மட்டும்தான் ஓடும் என்றார். அக்கா வைத்திருப்பதும் பழைய போன். புதிதாக ஒன்று வாங்கி அனுப்ப வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

காது கேட்காத அக்காவும் அவளுடைய எலும்பு டாக்டரும் வீடியோ காலில் என் வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். அவர் கையில் போனைப் பிடித்துக்கொள்வார். நான் அவளுடைய சைகையைப் பார்த்து அவருக்குச் சொல்வேன், அவர் சொல்வதை அவளுக்குக் காட்டுவேன். பதினெட்டு வருடம் தையல் கடையில் உழைத்ததில் அவள் வலது மணிக்கட்டு தேய்ந்துவிட்டது.

"வியாழக்கிழமை காலைல ஸ்கேன் பார்த்துட்டு முடிவு பண்ணி அன்னிக்கே ஆபரேஷனும் செஞ்சுடுவோம்மா. சுத்தம் பண்ணி மட்டும் விட்டுடலாம், கொஞ்சம் வலி இருக்கும். இல்லேன்னா தகடு வெச்சு அசையாம பண்ணிடலாம், வலியே இருக்காது."

அசையாமல் பண்ணுகிற கதையை அக்காவிடம் நான் சொல்லவில்லை. இப்போதே எதற்குப் பயமுறுத்த வேண்டும்? வியாழன் பத்து மணிக்கு அவள் கூப்பிடுவாள். தகடு வேண்டாம் என்று டாக்டரிடம் நானே சொல்லிவிடுவேன். அந்தக் கைதானே அவளுக்கு வாய்.

"நீ நேர்ல வரலியா?" என்று கேட்டாள். அன்றைக்குத்தான் மீட்டிங். "போன்ல இருப்பேன்க்கா. கூட இருக்கிற மாதிரிதான்" என்றேன்.

மார்ச் 12, புதன்

புது போன் இன்னும் வாங்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

பத்து மணி. மீட்டிங். போன் என் கண்ணெதிரே மேசைமேல் இருந்தது. வரவில்லை. டாக்டர் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வினாடி திரையில் எண்ணைப் போட்டார்: 2.8. "வெட்டுறதை நேத்து சாயந்திரமே எல்லா ஊருக்கும் திறந்து விட்டாச்சு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்கு உறைக்கவே இல்லை — அறிவு இருக்கா எனக்கு? எழுதினவளே நான்தானே?

என்னை எழுந்து பேசச் சொன்னார்கள். பேசிவிட்டு வந்து உட்காரும்போது பதினொன்றரை. அக்காவின் எஸ்எம்எஸ் வந்து கிடந்தது: "நீ எடுக்கல. வலி இருக்காதுன்னு டாக்டர் எழுதிக் காட்டினார். சரின்னுட்டேன். உள்ள கூட்டிட்டுப் போறாங்க."

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "உள்ள போய் ஒரு மணி நேரம் ஆச்சுங்களே" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

தகடு வைத்துவிட்டார்கள்.

மார்ச் 14, வெள்ளி

ஆபீஸில் கால் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். 10:14, 10:15, 10:15, 10:17. நாலு தடவை கூப்பிட்டிருக்கிறாள். நாலும் ஐந்தாவது வினாடியில் வெட்டுப்பட்டிருக்கின்றன. என் பக்கம் மணி அடிக்கவே இல்லை. நேற்றைய 2.8-இல் இந்த நாலும் சேரவில்லை.

வினாடியிடம் போய்ச் சொன்னேன். "அடடா" என்றார். பிறகு, "ஆனா அது உங்க ஐடியாதானே?" கெட்ட எண்ணமே இல்லை அவருக்கு. பாராட்டுகிறாராம்.

மார்ச் 17, திங்கள்

வெட்டுகிற வேலையை யாரையும் கேட்காமல் நிறுத்தினேன். மத்தியானத்துக்குள் திரும்பப் போட்டுவிட்டார்கள். "பழைய செட் வெச்சிருக்கிறவங்க தானா மாத்திக்குவாங்க" என்கிறார் வினாடி. வேலையை விடப் போகிறேன் என்று இங்கே மூன்று முறை எழுதி அடித்திருக்கிறேன். விடவில்லை. ஒன்பது மணிக்கு ஆபீஸில் இருக்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

புது போனை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு போட்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: வெட்டச் சொன்னது நான், டாக்டர் சொன்னதில் பாதியை மறைத்ததும் நான். இடது கையால் மெதுவாக, "நீ வேணும்னே எடுக்கலைன்னு நெனச்சிட்டிருந்தேன். அதுக்கு இது பரவாயில்ல" என்றாள்.

பரவாயில்லையாம். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஜூன் 1, ஞாயிறு

கட்டுப் பிரித்து இரண்டு வாரம் ஆகிறது. காலையில் அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். எடுத்த உடனே முகம் வந்துவிட்டது, கண்ணாடிபோல் துல்லியமாக. மணிக்கட்டு திரும்பாததால் பாதிச் சொற்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன. 'கடை' புரிந்தது, 'முதலாளியம்மா' புரிந்தது. வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். முதலாளியம்மாவைப் பற்றி அவள் பேசினால் கேலியாகத்தான் இருக்கும். இதுதான் சிரிக்க வேண்டிய இடம் என்று நினைத்து நன்றாகவே சிரித்தேன்.

அவள் கை நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்தாள். கொஞ்சம் கழித்து எஸ்எம்எஸ் வந்தது.

"இனிமே வேலைக்கு வர வேண்டாம்னுட்டாங்க. அதைத்தான் சொல்லிட்டிருந்தேன்."