சிப்பாய்ச்சாமிக்கு நூற்றுச்சொச்சம் பெயர்

அன்பு மகள் சிவசக்திக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் வேளைக்குப் பசித்துச் சாப்பிட்டு, படுத்ததும் தூங்கிச் சுகமாக இருக்கிறோம். இத்தாலிக் குளிரில் நீயும் மருமகன் தயாபரனும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். ஆமாம் தாயி, என் கையெழுத்தேதான்! ஹம்ஸியா டீச்சர் நடத்தும் முதியோர் வகுப்பில் எழுதப் படிக்கச் சேர்ந்து ஏழு மாதமாகிறது. இதை எழுத நாலு நாள் பிடித்தது, நீயும் மெதுவாகவே படி.

தியத்தலாவைப் பக்கம் பட்டாளத்து மயானத்தில் நம் சிப்பாய்ச்சாமி கல் இருக்கிறதே, என் தாத்தா காலத்திலிருந்து நாம் திருநீறு பூசிச் சூடம் கொளுத்துகிற கல், உன் பிரசவத்துக்காக அம்மா அங்கேதான் பொங்கல் நேர்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை பானையோடு போனால் பக்கத்தில் புதுப் பலகை, அதில் தமிழும் இருக்கிறது! எனக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட வந்த நம் தோட்டத்து லயத்து ஆட்களை நிறுத்தி வைத்துச் சத்தமாகப் படித்தேன். அது சாமி கல் இல்லையாம். தென்னாபிரிக்காவில் தங்கள் மண்ணுக்காக இங்கிலீசுக்காரனோடு சண்டை போட்டுப் பிடிபட்டு, கப்பலில் கைதியாக இங்கே இலங்கைக்கு வந்து, காய்ச்சலில் செத்த போயர் சிப்பாய்களின் நினைவுக்கல்லாம். கீழே நூற்றுச்சொச்சம் பெயர், வயதோடு. பெருமையாகத் திரும்பினால் அம்மா அழுகிறாள். பெரிய படிப்பு படிச்சிட்டீங்க, இருந்த சாமியையும் மனுசனாக்கிட்டீங்களே, எம்புள்ள நேர்த்திய இனி எங்க வைக்கிறது என்கிறாள். பக்கத்து வீட்டு விஜயலெட்சுமி அக்காதான், ஏன் தனம் அழுவுற, நம்ம மதுரவீரன் மட்டும் ஆகாசத்துலருந்தா குதிச்சாரு, அவரும் சண்டை போட்டுச் செத்த மனுசந்தானே என்றது. அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, அப்படின்னா கோயில்ல மாதிரி பேரெல்லாம் சொல்லி அர்ச்சனை பண்ணுங்க, அதான் படிக்கத் தெரியுமே என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாள்.

நான் பூசாரியாகிவிட்டேன் தாயி! ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் போற்றி என்பேன், எல்லாரும் ஒரு பூப் போடுவார்கள். ஒரு பெயரில் மூன்று தடவை இடறினேன். விட்டுட்டுப் போங்க மாமா, அவரு கோவிக்க மாட்டாரு என்று ஒருவன் கத்தினான், நான் விடவில்லை. இரண்டு மணி நேரமாயிற்று, பொங்கல் அடிப்பிடித்துவிட்டது, காவலுக்கு நின்ற சிப்பாய் அதையும் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். நடுவில் ஒரு பெயருக்கு வயது பதினேழு. அம்மா என்னை நிறுத்தி, முதல் அகப்பைப் பொங்கலை இலையில் வைத்து, ஐயா, ஒன்னைய ஒங்கம்மா பெத்த மாதிரி எம்மகளும் சுகமா பெத்துப் பொழைக்கணும் என்று கல்லைத் தொட்டுக் கும்பிட்டாள். அதன்பிறகு அவள் அழவில்லை. நேர்த்தி சேர்ந்துவிட்டது, நீ பயப்படாதே.

இரும்பு மாத்திரையை மறக்காதே, ஈரத் தரையில் நடக்காதே. இருவருக்கும் பிள்ளைக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், பிள்ளையின் பெயரைப் போனில் சொல்லிவிடாதே. தாளில் எழுதி அனுப்பு. லயத்து வாசலில் நின்று அதை நான்தான் முதலில் சத்தமாகப் படிக்க வேண்டும்.

உன் அப்பா
மு. கணபதி