வெளுக்காத சேலை

ராயபுரம்,
12-8-1934

ஐயாவுக்கு, மகன் பூவலிங்கம் வணங்கி எழுதுவது. நான் சுகம். துறைமுக வேலையும் நடக்கிறது. உங்கள் இருமல் தணிந்ததா?

தங்கை சிவந்தியின் கார்டு இன்று வந்தது. அம்மா போனதிலிருந்து யாரையும் மடியில் கைவைக்க விடாத பசு, அம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்ததும் உதைக்காமல் சுரந்ததாம். இனி அதை விற்க வேண்டியதில்லை. படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இப்போது சொல்லிவிடலாம். அம்மாவின் நினைவாக நான் எடுத்துவந்த சேலையை நீங்கள் கேட்டு எழுதியதும், சாணிக்கறையோடு அனுப்புவது அழகில்லை என்று வெளுக்கப் போட்டுவிட்டேன். அறையில் உடனிருக்கும் தேவப்பிரியம் தலையில் அடித்துக்கொண்டார்.

"பி.ஏ. படிச்சு என்னவே? மாடு நிறத்தையா பாக்கும்? வாடையத்தானவே பிடிக்கும்."

கொருக்குப்பேட்டைக்கு ஓடினேன். தண்டவாளத்தில் இடறி முழங்காலில் சின்னச் சிராய்ப்பு, ஆறிவிட்டது. சலவைக்கார வேலப்பன் அப்போதுதான் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, பழஞ்சேலைக்கா இப்டி ஓடியாந்தே? பொஞ்சாதிதா?"

"அம்மாவுது. செத்துப்போயிட்டாங்க."

அவர் மூட்டைக்குள் தேடி, நனையாத சேலையை எடுத்துத் தந்தார்.

நான்கு மாதம் பெட்டியில் வைத்திருந்தும் ஒருநாளும் அதை முகர்ந்ததில்லை. திரும்பும் வழியில் முகர்ந்தேன். சாணி, அடுப்புப் புகை, களையெடுத்த ஈரமண். அம்மாவின் ஒரு நாள் முழுவதும் அதில் இருந்தது.

கொஞ்சம் கருப்பட்டி அனுப்புங்கள். பசு சிவந்தியின் கைக்குப் பழகியதும் சேலையை எனக்கே அனுப்பிவிடுங்கள். வெளுக்க வேண்டாம்.

தபால் எடுக்க நேரமாகிறது.

பூவலிங்கம்