காதுகுத்தில் பாடிய பாட்டு

ஞாயிறு, இரவு.

இன்று பாப்பாவுக்குக் காது குத்தினோம். மண்டி மொஹல்லா கடைத்தெருவில் நான் எடுத்த தோட்டைப் பார்த்து, "இது தோடா, கடுகா?" என்று நாத்தனார் எல்லோரிடமும் காட்டிச் சிரித்தாள்.

ஊசி பட்டதும் பாப்பா வீறிட்டாள். தினமும் அவளைத் தூங்க வைக்கும் பாட்டு தானாக என் வாயில் வந்தது. எவ்வளவு சேர்த்தாலும் கடைசியில் வெறுங்கைதான் என்கிற பழைய சினிமாப் பாட்டு.

"அய்யோ, பேடம்மா, வேண்டாம்! நல்ல நாள்ல சாவுப் பாட்டா?" என்று கன்னடம் கலந்து பதறினாள் நாத்தனார்.

"சாவுப் பாட்டு இல்ல அண்ணி, பேராசைப் பாட்டு," என்று சொல்லிவிட்டு அடுத்த சரணத்தையும் சத்தமாகப் பாடினேன். பாப்பா அழுகையை நிறுத்தினாள்.

இப்போது அவள் நெற்றி லேசாகச் சுடுகிறது. காய்ச்சல் வந்தால் பாட்டின் மேல்தான் பழி போடுவார்கள். போடட்டும். இதோ, சிணுங்குகிறாள். அதே பாட்டுதான், முதல் அடியிலிருந்து.