ஆளுக்கொரு கதவு

இஞ்சாருங்கோ, உங்களுடைய கார் மணக்கிறது.

நேற்றுத்தான் இந்த வருஷம் முதல் தடவையாக ஹீற்றர் போட்டேன். உடுப்புத் தோய்க்கலாம் என்று பேஸ்மென்றுக்கு இறங்கினால், சூடு பட்டு அந்தப் பழைய வினைல் மணம் எழும்பி நிற்கிறது. யூலை வெயிலில் விட்ட காருக்குள் ஏறும்போது முகத்தில் அடிக்குமே, அதே மணம். உடுப்புக் கூடையோடு படியிலேயே இருந்துவிட்டேன். கார் எங்கே இருக்கிறது? அது போய் இரண்டு கிழமை. சுவரில் சாத்தி வைத்த நாலு கதவுகள்தான் மணக்கின்றன. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. போகிற மனிசன் மணத்தையும் கொண்டுபோயிருக்கலாம்.

ஊரில் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்ன வருஷம் அந்தக் காரை வாங்கினீர்கள். இங்கே மொன்றியலில், வில்லரேப் பக்கம் ஒரு கிழவி, புருஷன் செத்தபிறகு கராஜில் கிடந்த செவர்லேயைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்து நாலாம் ஆண்டுக் கார். இளநீல நிறம், வள்ளம் மாதிரி நீளம். "இரண்டு கதவெண்டா சேகரிக்கிறவங்கள் அடிபட்டு வாங்குவாங்கள். நாலு கதவெண்டபடியால் ஒருத்தரும் சீண்டேல்லை" என்று ஏதோ லொத்தர் விழுந்தவர் போலச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள்.

"உங்களுக்கென்ன விசரே? ஒருத்தரும் சீண்டாத சாமானை ஏன் வாங்குறியள்? ஓடித் திரியிறதுக்கு ரொயோட்டா இருக்குத்தானே" என்று கத்தினேன்.

"பின் கதவைப் பாரும். அந்தச் சனத்துக்குப் பிள்ளை குட்டி இல்லை. பின் கதவு பாவிக்கவே இல்லையாம். புதுசு."

"மூண்டு பேருக்கு உந்த நீளக் கார் என்னத்துக்கு?"

"நாங்கள் நாலு பேர்" என்று சொன்னீர்கள்.

நாலாவது ஆள் எங்கள் மகன். நாங்கள் மகளோடு மொன்றியலுக்கு வந்தபோது, பள்ளிக்கூடச் சோதனை எடுத்துவிட்டு வரட்டும் என்று அவனை மன்னாரில் என் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். சோதனை எடுத்தான். கொழும்புக்கு பஸ் ஏறினான். வழியில் ஆமி மறித்து, சில பொடியங்களை பஸ்ஸால் இறக்கினார்களாம் என்று ஒரு கதை வந்தது. பேந்து ஒன்றும் வரவில்லை. சமாதானம் என்றதும், பிடித்து வைத்திருக்கிறவர்களை விடப்போகிறார்கள் என்று தொலைபேசியில் ஊர்ச்சனம் முழுக்க அதே பேச்சு. அந்தப் பேச்சை நம்பித்தான் நீங்கள் கார் வாங்கினீர்கள். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி இறக்குகிற வேலை உங்களுக்கு. ஊரிலிருந்து வந்து சேரும் பிள்ளைகளின் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி, அடுத்தது எங்களுடையது என்று மனதில் போட்டுவிட்டீர்கள்.

முதல் ஞாயிறே கதவுகளைப் பங்கிட்டீர்கள். சாரதி பக்கம் உங்களுக்கு, அதற்குப் பின்னால் மகளுக்கு, முன்னால் வலப்பக்கம் எனக்கு. எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், அதன் கைபிடியைத் துணியால் துடைத்தீர்கள். "இரண்டு கதவுக் காரிலை பின்னுக்கு இருக்கிறவன் இறங்க வேணுமெண்டா, முன்னுக்கு இருக்கிறவன் எழும்பிச் சீற்றை மடக்க வேணும். என்ரை வீட்டுப் பிள்ளை இறங்கிறதுக்கு ஆரிட்டையும் வழி கேட்கக்கூடாது. ஆளுக்கொரு கதவு" என்றீர்கள். அந்த வலப்பக்கப் பின் கதவை நீங்கள் கூட ஒருநாளும் திறக்கவில்லை. "அவன் வந்து தானாத் திறப்பான்" என்பீர்கள். காரை விட்டுப் போகும்போது மற்ற மூன்றையும் பூட்டுவீர்கள். அதன் பொத்தானை மட்டும் அமத்தமாட்டீர்கள்.

"கள்ளன் ஏறி ஓட்டிக்கொண்டு போகப்போறான்" என்று நான் புறுபுறுப்பேன்.

"நாலு கதவுக் காரைக் களவெடுக்கிற அளவுக்கு மொன்றியலிலை மடைக் கள்ளன் இல்லை" என்பீர்கள்.

மகள் பாவம். தன் சிநேகிதிகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்த நாளில், அந்தப் பிள்ளைகள் வலப்பக்கத்தால் ஏறப்போக, நீங்கள் ஓடிப்போய்க் கதவுக்குக் குறுக்கே நின்றீர்கள். மூன்று பேரும் இடப்பக்கத்தால் ஏறி, குண்டியால் அரக்கி அரக்கிச் சீற்றின் மற்றத் தொங்கலுக்குப் போனார்கள். அதுகள் விழுந்து விழுந்து சிரிக்க, எங்கள் பிள்ளைக்கு முகம் சிவந்துபோனது. வீட்டுக்கு வந்து, "அப்பா, செத் யூன் போர்த், சே தூ!" என்று பிரெஞ்சில் கத்தினாள். அது ஒரு கதவு, அவ்வளவுதான் என்று. நீங்கள் போய்க் கை கழுவினீர்கள். அதற்குப் பிறகு அவள் அந்தக் காரில் ஏறியது குறைவு.

கோடையில் ஞாயிறு பின்னேரங்களில் லாசால் கடைத்தொகுதியின் தரிப்பிடத்தில் பழைய கார்க்காரர் கூடுவார்கள். மடக்குக் கதிரைகளைப் போட்டுக்கொண்டு, எஞ்சின் மூடியைத் திறந்துவைத்து, ஆளுக்காள் எட்டிப் பார்ப்பார்கள். நீங்களும் காரைக் கொண்டுபோய் ஒரு தொங்கலில் நிறுத்துவீர்கள். எங்களிடம் ஒருவரும் வரமாட்டார்கள். "காருக்குள்ளையும் சாதி இருக்கு, தெரியுமோ?" என்று எனக்கு விளங்கப்படுத்தினீர்கள். "கூரை திறக்கிறது உச்சம். அதுக்குக் கீழை இரண்டு கதவு. அதுக்கும் கீழை, நடுவிலை தூண் இல்லாத நாலு கதவு. எங்கடை தூண் வச்ச நாலு கதவு, கோயிலுக்கு வெளியிலை நிக்கிற சாதி." நான் வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைத்தாலும் வருகிறது, என்ன செய்ய.

எங்களிடம் வந்த ஒரே ஆள் அந்த மீசைக்காரன். அவனிடம் அதே வருஷத்து செவர்லே, சிவப்பு நிறம், இரண்டு கதவு. எங்கள் காரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "டொமாஜ். தூ போர்த் தெ த்ரோ" என்று நாக்கைச் சப்பினான். அநியாயம், இரண்டு கதவு கூடிப்போச்சு என்று. முன்பக்கத்துத் தகரமும் எஞ்சினும் தன்னுடைய காருக்கு அப்படியே பொருந்துமாம், விற்கிற நோக்கம் வந்தால் சொல்லச் சொன்னான். "நோ, முசியூ. ஒண்டும் கூடேல்லை" என்று பாதி பிரெஞ்சும் பாதி தமிழுமாகச் சொல்லிவிட்டு, நான் கொண்டுபோன மீன் றோல்ஸில் ஒன்றை அவனுக்குக் கொடுத்தீர்கள். எனக்கு அவனுக்குக் கொடுக்க விருப்பமே இல்லை.

பிறகு சமாதானமும் முறிந்தது. தம்பி எடுத்துச் சொன்னான்: அதே பஸ்ஸில் வந்த மற்றப் பொடியங்களின் வீட்டுக்காரர் மாதா கோயிலில் செத்தவர்களுக்கான பூசை கொடுத்துவிட்டார்களாம், நாங்களும் ஒன்றைக் கொடுத்து மனதை ஆற்ற வேண்டுமாம். எனக்கும் அது சரியாகப் பட்டது. செத்த பிள்ளைக்குச் செபம் இல்லாமல் எத்தனை காலம் விடுவது? பெற்றவள் நான், எனக்கு வயிறு எரியாதா? சாப்பிட்டுக்கொண்டிருந்த உங்களிடம் மெல்லச் சொன்னேன்.

கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பி, கராஜுக்குப் போய்க் காருக்குள் இருந்துவிட்டீர்கள். நான் பின்னாலேயே வந்து என் கதவைத் திறந்து என் இடத்தில் இருந்தேன்.

"நீர் பூசையைக் குடும்" என்றீர்கள், கண்ணாடியைப் பார்த்தபடி. "அண்டைக்கே நான் காரை மீசைக்காரனிட்டைக் குடுக்கிறன். பிள்ளை இல்லையெண்டா இந்தக் கதவு என்னத்துக்கு?"

"கத்தாதையுங்கோ. நான் கேட்டனான், அவ்வளவுதான்."

"கேக்கவும் வேண்டாம்."

என் கழுத்துக்குப் பின்னால் அந்த வெற்று இடம். அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. கார் நிற்கும்மட்டும் பூசை இல்லை என்று எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் ஆகிப்போனது.

போன மாசியில் உங்களுக்கு நெஞ்சு நொந்தது. ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்துகொண்டு, "கார் பற்றரியைக் கழட்டினதோ?" என்று கேட்டீர்கள். கழட்டியாயிற்று என்று பொய் சொன்னேன். மனிசியையும் பிள்ளையையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பற்றரியாம், பற்றரி!

கராஜை வாடகைக்குத் தந்தவன் இடத்தைக் கேட்டான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ரொறொன்ரோவில் வேலை பார்க்கிற மகளுக்கு அது வேண்டாம். பனிக்காலத்தில் றோட்டில் போடுகிற உப்புத் தின்று அடித்தகரம் ஓட்டை விழுந்திருந்தது. இரண்டொருவர் வந்து பார்த்தார்கள். நாலு கதவு என்று எண்ணியதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் மீசைக்காரனுக்குத்தான் சொன்னேன். ஆள் நரைத்துப் போயிருந்தான். நீங்கள் இல்லை என்றதும் தொப்பியைக் கழற்றினான்.

கராஜிலேயே வைத்துப் பிரித்தான். எஞ்சின், மூடி, முன் தகரங்கள், பம்பர், லைற்றுகள், மணிக்கூடு, எல்லாம் அவனுக்கு வேணும். கதவு ஒன்றும் வேண்டாம். இரண்டு கதவுக் காருக்குக் கதவு நீளமாம், எங்கள் முன் கதவுகூடப் பொருந்தாதாம். மிச்சத்தைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறேன் என்றான். "கதவுகளைக் கழட்டித் தா" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்தான்.

கழற்றுவதென்றால் திறக்க வேண்டும் என்று எனக்கு அந்த நேரம் ஓடவில்லை. முதல் மூன்றையும் கழற்றிவிட்டு வலப்பக்கப் பின் கதவுக்குப் போனான். "பொறு!" என்று தமிழில் கத்தினேன். அவனுக்கு விளங்கவில்லை. கைபிடியை அமத்தி இழுத்தான். றப்பர் ஒட்டிக் கிடந்து, பிளாஸ்ரர் உரிக்கிற சத்தத்தோடு விட்டுக்கொடுத்தது. உள்ளே சீற்றின் அந்தப் பக்கம் ஒரு மடிப்பும் இல்லாமல் அப்படியே இருந்தது. அவன் பிணைச்சலைத் தடவிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, "இந்தக் காரிலை பழுதாகாத சாமான் இது ஒண்டுதான், மதாம்" என்று பிரெஞ்சில் சொன்னான். "ஆனா ஒருத்தருக்கும் உதவாது."

நான் கராஜ் நிலத்தில் குந்தி அழுதேன். எங்கள் பிள்ளை திறக்க வேண்டிய கதவை ஒரு பிறத்தியான் திறந்துவிட்டான். அவன் பாவம், தண்ணீர்ப் போத்தலை நீட்டிக்கொண்டு நின்றான். பின்னேரம் தன் வான் வண்டியிலேயே கதவுகளை ஏற்றிவந்து பேஸ்மென்றில் இறக்கிவிட்டு, கூலி வேண்டாம் என்று போனான்.

இப்போது நவம்பர் வருகிறது. சகல ஆத்துமாக்களின் பூசைக்குப் பெயர் எழுதிப் போடச் சொல்லிக் கோயிலில் உறை தந்திருக்கிறார்கள். மகள் ரெலிபோனில், "அம்மா, அண்ணாவின்ரை பேரையும் எழுதுங்கோ. அப்பாவும் இல்லை, காரும் இல்லை. இனிக் காணும்" என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. உங்கள் பெயரை வாயால் சொல்லாமலே குடும்பம் நடத்தி முடித்த நான், அதை முதல் தடவையாக என் கையால் எழுதினேன். எழுத்துக் கோணிவிட்டது. அதற்குக் கீழே பேனையை வைத்துக்கொண்டு இருந்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு உறையை ஒட்டிவிட்டேன். ஒரு பெயர்தான் உள்ளே இருக்கிறது.

நான் நம்பி இதைச் செய்யவில்லை. அவன் வரமாட்டான். எனக்குக் கடுகளவும் நம்பிக்கை இல்லை, அதை உங்களுக்கு நேரே சொல்லிவிடுகிறேன். நம்பினவர் நீங்கள். நீங்கள் போன இடத்தில் அவன் இருந்தால், இந்நேரம் கண்டிருப்பீர்கள். எனக்குத்தான் ஒருவரும் வந்து சொல்லப்போவதில்லை. கார் போய்விட்டது, ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லலாம். ஆனால் கதவு இங்கே நிற்கிறதே, நான் என்ன செய்ய?

நேற்று உடுப்புக் கூடையை வைத்துவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தேன். வானில் வந்த குலுக்கலில் போலிருக்கிறது, அந்தக் கதவின் பொத்தான் கீழே விழுந்து பூட்டிக் கிடந்தது. இவ்வளவு நாளும் நான் கவனிக்கவில்லை. நகத்தால் நெம்பி மேலே இழுத்துவிட்டேன். பின்னால் வெறும் சுவர்தான். எண்டாலும் பூட்டேல்லை.