அக்கா வீட்டுப் புல்

என் அன்புக்குரியவருக்கு,

நானும் நம் வாலுப் பெண்ணும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம். கப்பலில் உங்களுக்குச் சாப்பாடும் தூக்கமும் நேரத்துக்குக் கிடைக்கின்றனவா? இதையெல்லாம் போனில் சொன்னால் என் குரல் ஒரு மாதிரி ஆகிவிடும், நீங்களும் "சரி, சரி" என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் அண்ணியை, நான் அக்கா என்று கூப்பிடுகிறவரைப் பற்றியது. முழுவதும் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

சரணாலய வேலியை ஒட்டிய நிலத்தை நீங்களும் உங்கள் அண்ணனும் பங்கு பிரித்தபோது, நாம்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன். நம் பங்கில் புதரையெல்லாம் வழித்து மட்டம் செய்து, விருந்தினர் தங்க அறைகள் கட்டினோம். நர்சரியிலிருந்து அந்தச் சிவப்புப் பூச்செடியை வாங்கி வந்து ஓரமெல்லாம் நட்டோம். அக்கா தன் பங்கில் ஒரு துரும்பைக்கூட அசைக்கவில்லை. ஓட்டு வீடு, தண்ணீர்த் தொட்டி, இடுப்பளவு புல். அவ்வளவுதான். சோம்பேறித்தனம் என்று உங்களிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

இப்போது வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? நம் மாடி வராந்தாவில், நம் நாற்காலியில், நான் போட்டுக் கொடுத்த காப்பியோடு, நம் தோட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார்கள். கேமரா எல்லாம் அக்கா வீட்டுப் புல்லைப் பார்த்து. மான்கள் அங்கேதான் வருகின்றன. சாயங்காலமானால் குட்டியோடு வந்து நிற்கின்றன. ஒரு அம்மாள், அந்த வீட்டில் தங்க இடம் கிடைக்குமா என்று என்னிடமே கேட்டாள். கிடைக்காது என்றேன். அவள் போன பிறகு தலையணை உறையை உதறிய உதறலில் தையல் விட்டுப் போயிற்று.

பிறகு வனத்துறையிலிருந்து ரேஞ்சர் அம்மா வந்தார். வேலிக்கு உள்ளே கயிற்றால் கட்டம் கட்டி என்னென்ன முளைத்திருக்கிறது என்று எண்ணினார். நம் பங்குக்கு நேரே, காட்டுக்குள் நம் பூச்செடிதான் மண்டிக் கிடக்கிறதாம். பறவைகள் அதன் பழத்தைத் தின்று உள்ளே போய் விதையைப் போட்டுவிடுகின்றன. அதன் அடியில் புல் தலைகாட்டுவதில்லை. விருந்தினர் குளிர் காய நாம் விறகு பொறுக்கிய இடம், ஓடைக்குப் போக அவர்கள் மிதித்த பாதை, எங்கெல்லாம் மண் திறந்ததோ அங்கெல்லாம் இதுதான் முதலில் குடியேறியிருக்கிறது என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நேரே அக்கா வீட்டுக்குப் போய், இப்படியே விட்டு வையுங்கள் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். ஒன்றும் செய்யாததற்கு ஒரு பாராட்டு. நான் வியர்வை சிந்தியதற்கு, பிடுங்கிப் போடச் சொல்லி ஒரு கட்டளை.

நான் தலையாட்டிவிட்டுப் பிடுங்காமல் இருந்தேன். பிடுங்கினால் அக்கா ஜெயித்த மாதிரி ஆகிவிடுமே என்றிருந்தது.

வாலு வேறு பள்ளிக்கூடம் விட்டதும் பையை எறிந்துவிட்டு அங்கே ஓடிவிடுகிறாள். பெரியம்மா வீட்டில் பட்டாம்பூச்சி இருக்கிறதாம். இங்கே அம்மா இருக்கிறாளே என்று நாக்கு நுனிவரை வந்தது. ஏழு வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

போன வாரம் சுற்றிப் போகச் சோம்பல் பட்டு அந்தச் செடிக்குள் புகுந்து போயிருக்கிறாள். உள்ளே காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு படுத்திருந்தது. நான் மாடியில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். அவள் அலறல் கேட்டு எட்டிப் பார்த்தால் பிள்ளை தெரியவில்லை, பன்றி தெரியவில்லை. சிவப்புப் பூக்கள் மட்டும் ஆடின. பதறாதீர்கள், வாலுவுக்கு முள் கீறியது தவிர ஒன்றுமில்லை. நான் படியிறங்கி ஓடுவதற்குள் அக்கா இரும்பு வாளியோடு உள்ளே புகுந்து, அவளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்து நிறுத்தியிருந்தார். பன்றி அக்காவின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டு ஓடியது. தையல் போட்டு, ஊசியும் போட்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் எனக்கு வந்த நினைப்பை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும். மான், புல், பாராட்டு எல்லாம்தான் இவருக்கு இருக்கிறதே, என் பிள்ளையைக் காப்பாற்றுவதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. நர்ஸ் நான் அக்காவுக்காக அழுகிறேன் என்று நினைத்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன்.

மறுநாளே ரேஞ்சர் அம்மாவிடம் சொல்லி ஆட்களை வரவழைத்து, நானும் மண்வெட்டி எடுத்தேன். அக்கா காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து, மேலாக வெட்டாதே, வேரோடு எடு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கை கொப்புளித்ததைப் பார்த்துத்தான் பேச்சை மாற்றினார்.

"தம்பி துறைமுகத்துல எறங்குறப்பெல்லாம் எனக்குப் போன் பண்ணுவாரு. உன்னைத்தான் கேப்பாரு. நல்லாத் தூங்குறாளா, சிரிக்கிறாளான்னு. சிரிக்கிறான்னு சொல்லிட்டு இருக்கேன். பொய் சொல்ல வைக்காத."

மண்வெட்டி கையில் அப்படியே நின்றுவிட்டது. என்னிடம் பேசும்போது அறையில் ஆள் இருக்கிறார்களா, தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்றுதானே கேட்கிறீர்கள்? அண்ணியிடம் மட்டும் இதையெல்லாம் கேட்க உங்களுக்கு எப்படி வாய் வருகிறது? அன்றைக்கு மிச்சமிருந்த செடியை நான் பிடுங்கிய வேகத்தைப் பார்த்து ஆட்களே ஒதுங்கி நின்றார்கள்.

இப்போது அந்த இடம் வெறும் மண்ணாகக் கிடக்கிறது. மறுபடி முளைப்பதை வருஷக் கணக்கில் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டுமாம். காட்டுக்குள் போய்விட்டதை வனத்துறை ஆட்கள் எடுக்கிறார்கள், எல்லாம் எடுபடுமா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அக்காவுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு என் சமையலறையிலிருந்துதான் போகிறது. உப்பு குறைவு என்கிறார். போடுகிறேன்.

கடல் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். அடுத்த துறைமுகத்தில் இறங்கியதும் அண்ணிக்குப் போன் செய்யுங்கள், கால் எப்படி இருக்கிறது என்று நன்றாக விசாரியுங்கள், அவருக்கு அது வேண்டும். ஆனால் நான் சிரிக்கிறேனா என்பதை என்னிடம் கேளுங்கள். அந்தக் கேள்வி உங்கள் குரலில் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

போன் பக்கத்திலேயே இருக்கும்
உங்கள் மனைவி